சின்னிவிரலில் பூசிய மை

நான் படிப்பித்த பள்ளிக்கூடம் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்தது. என் வீடு கிழக்கே, நகரப் பக்கம். கிழக்கில் ஆமி, மேற்கில் இயக்கம். நடுவிலிருந்த தண்ணீரை நாங்கள் தினமும் தோணியில் கடந்தோம்.

தோணிக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். படுவான்கரைக்காரர். அவருடைய மூத்த மகள் என் வகுப்பில் படித்தாள். இக்கரைச் சென்றியில், அந்தக் காவலரணில், ஆமி அவருடைய அடையாள அட்டையைப் பார்க்கும். அக்கரையில் மருதமரத்தடியில் நிற்கும் இயக்கப் பொடியன், அவர் யாரை ஏற்றி வந்தார் என்று பார்ப்பான். இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த முகமாக இருப்பது அந்த நாட்களில் நல்லதில்லை.

அந்த வருசம் தேர்தல் வந்தது. படுவான்கரையில் வாக்களிப்பு நிலையம் வைக்க முடியாது, அங்குள்ள சனங்கள் இக்கரைக்கு வந்து போடலாம் என்றார்கள். ஒலிபெருக்கி கட்டிய உழவு இயந்திரம் ஒன்று படுவான்கரை ஊர்களுக்குள் சுற்றியது. ஒருவரும் வாக்களிக்கப் போகக் கூடாது என்று இயக்கம் சொன்னது. சென்றியில் நின்ற ஆமிக்காரனோ, போடாதவர்கள் இனித் துறையால் போகவர முடியாது, விரலைப் பார்ப்போம் என்றான். அதன் பிறகு தோணியில் பேச்சுக் குறைந்துவிட்டது. குழந்தை அழுதால்கூடத் தாய்மார் வாயைப் பொத்தினார்கள்.

எனக்குத் தேர்தல் கடமை வந்தது. விரலில் மை பூசும் வேலை. துறைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் காலையிலிருந்து காத்திருந்தோம். கட்சி முகவர்கள் உட்காரப் போட்ட வாங்கு வெறுமையாகக் கிடந்தது. எங்கள் பொறுப்பதிகாரி அரசாங்க அதிபரின் கச்சேரி அலுவலகத்திலிருந்து வந்தவர். வாசலுக்கு முதுகு காட்டி இருக்க மாட்டேன் என்று கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். வெளியே துவக்கோடு நின்றவர்கள் எங்களைப் பாதுகாக்கிறார்கள் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு தோணிக்காரர் வந்தார். போட்டுவிட்டு வந்தால்தான் தோணியை அவிழ்க்கலாம் என்று ஆமி அவரை மறித்திருந்தது. என்னைக் கண்டதும் இடது கையை நீட்டினார்.

"பூசுங்க ரீச்சர்."

நான் குரலைத் தாழ்த்தி, "அண்ணன், அக்கரைக்குப் போகோணுமே?" என்றேன்.

"போகத்தான் வேணும். இஞ்சயும் வரத்தானே வேணும்."

சின்னிவிரலில் நகத்தோடு சேர்த்துப் பூசினேன். பொறுப்பதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லிசாகப் பூசவும் முடியவில்லை.

அன்றிரவு அவர் அக்கரைக்குப் போகாமல் துறையிலேயே தங்கிவிட்டார். மறுநாள் காலை அவருடைய விரலில் துணி சுற்றியிருந்தது. மீன் வெட்டும்போது கத்தி பட்டுவிட்டது என்று கேட்காமலே சொன்னார். சவள் துடுப்பைப் பிடித்துத் தோணியை வலிக்க வலிக்கத் துணியில் சிவப்பு ஊறியது. அக்கரையில் இறங்கியதும் மரத்தடிப் பொடியன் மரியாதையாகத்தான் சொன்னான்.

"அவிழுங்க அண்ணன்."

அவர் அவிழ்த்தார். கடைசிச் சுற்று ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. நகமும் இல்லை, முதல் மூட்டு மொளி வரைக்கும் தோலும் இல்லை. பொடியன் குனிந்து பார்த்தான். என் மாணவர்களைவிடப் பெரியவனில்லை அவன். பிறகு போகச் சொல்லித் தலையை அசைத்தான்.

அதோடு விடவில்லை. உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு விரல் வீங்கியது. ஒரு காலை இக்கரைச் சென்றியில் அதைக் கண்டுவிட்டார்கள். காயத்தோடு வருகிறவன் இயக்கத்தில் பயிற்சி எடுத்தவன் என்பது அவர்கள் கணக்கு. அதிகாரி சிங்களத்தில் கேட்டார். தோணிக்காரருக்கும் சிங்களம் தெரியாது, எனக்கும் தெரியாது. அவரை மண்மூட்டைகளுக்குப் பின்னால் குந்த வைத்தார்கள். அரைகுறைத் தமிழ் தெரிந்த ஒருவன் என்னிடம் வந்து, இந்த ஆளைத் தெரியுமா என்றான்.

உண்மையைச் சொன்னால், வாக்குப் போட்ட மையை ஏன் அழித்தாய், யாருக்குப் பயந்தாய் என்று அடுத்த கேள்வி வரும். என் முதுகுக்குப் பின்னால் படுவான்கரைச் சனம் வரிசையில் நின்றது. நான் சொல்வது தோணிக்கு முன்னால் அக்கரைக்குப் போய்விடும்.

"மீன் வெட்டின கத்தி. நான் பாத்தன்," என்றேன்.

அவன் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். வெகுநேரம் அது திரும்பி வரவில்லை. அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை. பொழுதுபடத்தான் அவரை விட்டார்கள். அதற்குள் விரல் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் பாதியை எடுத்துவிட்டார்கள்.

காயம் ஆறி அவர் மறுபடி தோணி வலித்தார். ஒருநாள் மழை கட்டி நின்றது, வேறு ஆள் வரவில்லை. நடு வாவியில் அவராகவே சொன்னார்.

"ரீச்சர், நான் ஆருக்கும் போடல்ல. கடதாசிய வெறுமனே மடிச்சிப் போட்டுத்து வந்தன்."

"ஏன் அண்ணன்?"

"ஆருக்குப் போட்டனெண்டு ஆராவது கேட்டா, எனக்குப் பொய் சொல்லத் தெரியா."

சவளை இறக்கி மறுபடி வலித்தார்.

மாரி முடிந்ததும் குடும்பத்தோடு கரடியனாற்றுப் பக்கம் வயல்வேலைக்குப் போய்விட்டார். மகள் விடுகைப் பத்திரம் கேட்டுக்கூட வரவில்லை. வேறொருவர் தோணி வலித்தார். அவரிடம் நாங்கள் யாரும் நெருங்கிப் பேசவில்லை.

அடுத்த தேர்தலிலும் எனக்கு மை பூசும் வேலைதான் தந்தார்கள். மாட்டேன் என்று சொல்ல அரசாங்க உத்தியோகத்தில் இடமில்லை. மேசையில் இருந்தபடி, தெரிந்த முகம் ஒன்றும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.