அண்ணன் சீராகக் கொண்டுவந்த ஆயிலும் எங்கள் பச்சமலை ஏற்றமும்

மார்கழியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேர் ஸ்ரீரங்கத்திலிருந்து பச்சமலைக்குப் போய்வந்தோம். ஓட்டியது நான். போக 76 கிலோமீட்டர், வர 76. இதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பீர்கள். முந்தைய நாள் காலை பத்தரை மணிக்கு என் வண்டியின் இன்ஜினில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. ஆயில் கொண்டுவந்த அண்ணன் கோபித்துக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அங்கிருந்து மலைக்குப் போன கதை இது. டீசல் எஸ்யூவி வைத்திருப்பவர்கள், அதுவும் என்னைப் போல, வேறொருவர் ஓட்டிய வண்டியை வாங்கியவர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மலையைவிட ஆயில்தான் அதிகம் வரும்.

வண்டி 2021 மாடல், பிஎஸ் 6 டீசல். கார்த்திகையில் வாங்கினேன். தில்லை நகரில் தையல் கடை நடத்திச் சேர்த்த பணம். என் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்ட வராது, வரவில்லையே என்ற வருத்தமும் கிடையாது. பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து முறுக்கு தின்பதற்கென்றே பிறந்தவர். ஆக வண்டி என் பொறுப்பு, அதன் வயிற்றுக்கு என்ன போடுவது என்பதும் என் பொறுப்பு.

பிஎஸ் 6 டீசல் வண்டிகளில் புகை போகிற வழியில் ஒரு வடிகட்டி இருக்கிறது. டிபிஎஃப் என்பார்கள். கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, வண்டி நெடுஞ்சாலையில் சூடாக ஓடும்போது அதை எரித்துவிடும். என் ஓட்டமோ வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு. எரிக்கத் தொடங்கும்போதே வண்டியை நிறுத்திவிடுகிறேன். எரிப்பதற்காக விட்ட டீசல் எரியாமல் ஆயிலோடு கலந்துவிடுகிறது. ஒருநாள் அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தால் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது, டீசல் வாடை அடித்தது. மலை ஏறுவதற்கு முன் மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். செய்த ஒரே தவறு, எங்களோடு மலைக்கு வர இருந்த லால்குடி அண்ணனிடம் அதைப் போனில் சொன்னது.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிப்போகும் லோடு வண்டி எங்கள் வாசலில் நின்றது. அண்ணன் இறங்கினார். பொங்கல் சீர். கரும்பு ஒரு கட்டு, மஞ்சள் கொத்து, வாழைத்தார், பச்சரிசி, வெல்லம், புடவை. கடைசியாக இறங்கியது பத்து லிட்டர் ஆயில் வாளி. மூடியில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தது.

"வண்டி வாங்கியிருக்க, வண்டிக்குன்னு ஒண்ணும் செய்யலியேன்னு இருந்துச்சு பாப்பா. டிராக்டருக்கு நான் போடுறதேதான். ஒண்ணாம் நம்பர் சரக்கு."

எனக்கு நாற்பத்தாறு வயது. இன்னும் பாப்பாதான். அப்பா போனபிறகு ஒரு பொங்கலுக்கும் அண்ணன் சீர் தவறியதில்லை. காவிரியில் தண்ணீர் வராமல் வயல் தரிசாகக் கிடந்த வருடம்கூட, கடன் வாங்கினாரோ என்னவோ, புடவையோடு வந்து நின்றார். அவர் தட்டில் வைத்ததை வேண்டாம் என்று சொல்வது பிறந்த வீட்டையே வேண்டாம் என்று சொல்வது மாதிரி. சாப்பாடு முடிந்து மெதுவாகப் பேசிக்கொள்ளலாம் என்று காப்பி போட உள்ளே போனேன்.

டம்ளரோடு வெளியே வந்தால், அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் கிடக்கிறார். பழைய ஆயில் முழுவதும் என் அரிசி களையும் அன்னக்கூடையில். கீழ்வீட்டு மாமி மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன்டிம்மா, நாளைக்குக் கோலம் போடற இடத்துலயா எண்ணெயக் கொட்டறேள்?"

"வண்டி சூடா இருக்கும்போதுதான் கசடு ஒட்டாம வடியும் மாமி. ஒம்போதுலருந்து இருந்த ராகுகாலமும் பத்தரையோட முடியுது, ஊத்திட வேண்டியதுதான்" என்றபடி எழுந்த அண்ணன் போல்ட்டை முடுக்கி, புனலைச் செருகி, வாளியைத் தூக்கிவிட்டார்.

"நில்லுண்ணே! ஊத்தாத!"

நான் கத்திய கத்தலில் காப்பி என் கையிலேயே சிந்தியது. டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைவாக விடுகிற ஆயில்தான் போட வேண்டும், டிராக்டர் ஆயில் விடுகிற சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கி நாளடைவில் அடைத்துவிடும், புதிதாக மாற்றினால் லட்சத்துக்கு மேல் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அண்ணன் வாளியை இறக்கினார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் கொண்டாந்தது ஒன் வண்டிக்கு ஆகாது. அவ்வளவுதானே? சரி. நான் பஸ்ஸுல போய்க்கிறேன். நாளைக்கு நீங்களே போயிட்டு வாங்க."

செருப்பைத் தேட ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர், "மச்சான், சாப்பிட்டுட்டு…" என்று இழுத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. கோபம்தான் முந்திக்கொண்டது.

"அண்ணே, குறுவைக்கு சி.ஆர். நெல்லு விதைப்பியா?"

"எவனாச்சும் விதைப்பானா? அது நூத்தி அறுவது நாளு நெல்லு. அறுக்கிற நேரத்துல ஐப்பசி மழையில மாட்டிக்கிட்டு அழுவணும்."

"ஏன், அதுவும் நெல்லுதானே?"

அண்ணன் ஒற்றைச் செருப்போடு நின்றார். வண்டியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். சமாதானமாகிவிட்டார் என்று நினைக்காதீர்கள், முகம் அப்படியேதான் இருந்தது. ஆனால் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு கேட்டார்: "ஒனக்கு எது வேணும்னு சொல்லு. பஸ் இருக்கா, ஆட்டோ புடிக்கணுமா?"

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம். எனக்கு மகளிர் இலவச டிக்கெட், அண்ணனுக்குப் பத்து ரூபாய். வழியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பேரு என்ன சொன்ன?" அடர்த்திக்கு 5W-30, சாம்பல் குறைந்த வகைக்கு C3, இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும், வண்டியோடு வந்த கையேட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றேன். காவிரிப் பாலம் முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முதல் கடைக்காரர் கேள்வியை முடிக்கவே விடவில்லை. "டீசல்தானேங்க? எல்லாத்துக்கும் ஒண்ணுதான். லாரிக்கே இதான் குடுக்குறோம்" என்று அண்ணன் கொண்டுவந்த அதே 15W-40 ஆயிலை மேசைமேல் வைத்தார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். 'பார்த்தியா' என்பதைச் சொல்லாமலே சொல்ல அண்ணன்களுக்குத் தெரியும்.

இரண்டாவது கடையில் "5W-30 இருக்குங்க, ஃபுல்லி சிந்தெடிக்" என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கைப்பையைத் திறந்தேவிட்டேன். அண்ணன் கேனை வாங்கினார். கண்ணாடி கொண்டுவராததால் கையை முழுசாக நீட்டிப் பிடித்து, பின்பக்கம் திருப்பி, பொடி எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தார். விதை மூட்டை வாங்கும்போது அட்டையைப் படிக்காமல் பணம் எடுக்க மாட்டார், அதே படிப்பு.

"பாப்பா, சி த்ரீன்னுதானே சொன்ன? இதுல அது எங்க இருக்கு?"

நானும் வாங்கிப் பார்த்தேன். இல்லை. அடர்த்தி சரி, வகை வேறு. அது பெட்ரோல் வண்டிக்கான ஆயில். வாங்கியிருந்தால் அண்ணன் வாளியை வேண்டாம் என்றுவிட்டு அதே தப்பை அதிக விலைக்குச் செய்திருப்பேன்.

"டீசலுக்கும் போடலாங்க" என்றார் கடைக்காரர்.

"போடலாங்கிறது வேறங்க. இதுதான் போடணும்னு இருக்கிறது வேற. தங்கச்சி வண்டிக்கு C3 தான் போடணும். இருக்கா, இல்லியா?"

நான் சொன்னதை அப்படியே என் அண்ணன், சத்திரம் கடைவீதியில், ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே விசிலடிக்கலாம் போலிருந்தது. கடைக்காரரும் சிரித்துவிட்டார். "உள்ள இருக்குங்க. வெல கூட, யாரும் கேக்கறதில்ல" என்று எடுத்துவந்தார். ஐந்து லிட்டர் கேன் 3,600, ஒரு லிட்டர் 780, ஆயில் ஃபில்டர் 420. பின்பக்கம் C3 என்று தெளிவாக இருந்தது. அண்ணன் சீல், அடைத்த மாதம் எல்லாம் பார்த்தார். பணத்தை நீட்டிய என் கையைத் தள்ளினார்.

"உள்ள வை. சீரு அண்ணன் செய்யுறதா, நீயே வாங்கிக்கிறதா?"

கடையில் நின்றபடியே கண் கலங்கிவிட்டது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன், மார்கழி மாதத்தில்.

வீட்டுக்கு வந்து அவரே ஃபில்டரை மாற்றி ஆயிலை ஊற்றினார். இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் தேன் நிறத்தில் நின்றது. பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், சேர்த்து வைத்து விற்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தோம். வாளி லால்குடிக்கே திரும்பியது. அவர் டிராக்டருக்கு அதுதான் சரியான ஆயில். அன்னக்கூடையைத் தேய்த்த வேலை என் வீட்டுக்காரருடையது.

ஞாயிறு காலை 6.05க்குக் கிளம்பினோம். அண்ணன் முன் சீட்டில். கொள்ளிடப் பாலத்தில் முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிகிற பனி. நெ.1 டோல்கேட், மண்ணச்சநல்லூர், புலிவலம் வழியாக 7.20க்குத் துறையூர். இட்லி, பொங்கல், காப்பி மூன்று பேருக்கு 240 ரூபாய். அங்கேயே டீசல் நிரப்பிக்கொண்டோம், மேலே நம்பிப் போக முடியாது. சோபனபுரம் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பிக்கிறது.

மலைப்பாதையில் நான் வண்டி ஓட்டுவது இதுதான் முதல்முறை. மூன்றாவது வளைவில் எதிரே பஸ். ஏறுகிறவருக்குத்தான் வழி என்றாலும் பஸ்ஸுக்கு ஒதுங்க இடமில்லை. இரண்டாவது வளைவு வரை ரிவர்ஸிலேயே வந்து ஓரங்கட்டினேன். அண்ணன் கை மேல்பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. பஸ் டிரைவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு இறங்கினார். மறுபடி இரண்டாவது கியர். இன்ஜின் முனகவில்லை, திணறவில்லை. சூடு முள் நடுவிலேயே நின்றது. ஒரு விளக்கும் எரியவில்லை. நான் சத்தம் போட்டுப் பாடிக்கொண்டே ஏறினேன்; பின் சீட்டில் முறுக்குச் சத்தம்கூட நின்றுவிட்டது.

9.10க்கு மலைமேல் இருக்கிற டாப் செங்காட்டுப்பட்டி. டீக்கடை அம்மா வண்டியையும் இறங்கிய எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "யாருங்க ஓட்டியாந்தது?"

என் வீட்டுக்காரர் வாயெடுப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "என் தங்கச்சிங்க."

பக்கத்தில் இருக்கிற அருவியில் தண்ணீர் கொஞ்சம்தான், குளிருக்கு அதுவே அதிகம். அவர்கள் இருவரும் மரவள்ளித் தோட்டத்தைப் பார்க்கப் போன நேரத்தில், இதே மாதிரி கிளம்ப நினைப்பவர்களுக்காகச் சிலவற்றை யோசித்து வைத்தேன். ஆயில் கேனில் அடர்த்தி எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, பின்பக்கம் வகையும் பொருந்த வேண்டும். என் வண்டிக்கு C3. உங்களுடையதற்கு வேறாக இருக்கலாம், கையேட்டைப் பாருங்கள். டிபிஎஃப் இல்லாத பழைய வண்டி என்றால் வாளி ஆயிலே பொருத்தமாக இருக்கலாம், வீணாகச் செலவழிக்க வேண்டாம். ஆயில் குறைந்தால் பதறுகிற நாம் ஏறினால் சந்தோஷப்படுகிறோம். ஏறினால்தான் கவலைப்பட வேண்டும். ஊருக்குள்ளேயே ஓட்டுபவர்கள் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓட்டிவாருங்கள், சமயபுரத்தைத் தாண்டிப் போனால் ஆயிற்று. பாசமாக யாராவது தப்பான ஆயிலைக் கொண்டுவந்தால், ஊற்றுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

மூன்றரைக்கு இறங்க ஆரம்பித்தோம். என் அண்ணன் பஸ்ஸில் போனால் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, ஊர் வரும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வருகிற ஆள். திருப்பதிக்கு ராத்திரி முழுக்கப் போனபோதும் கண் மூடவில்லை. "அவன் தூங்கிட்டான்னா?" என்பார். இன்னொருவர் ஓட்டுகிற வண்டியில் அவர் தூங்கி எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

முதல் வளைவு திரும்பியதும் பக்கத்தில் ஏதோ சத்தம். வண்டியில்தான் கோளாறோ என்று ஒரு நொடி பயந்து திரும்பினேன். அண்ணன் தலை கண்ணாடியில் சாய்ந்து கிடந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது, குறட்டை. பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் எழுப்பக் கையை நீட்டினார், வேண்டாம் என்று தலையாட்டினேன். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தாக வேண்டும், அடித்தேன். சோபனபுரம் வரும்வரை அண்ணன் எழுந்திருக்கவில்லை.