மூன்று மாத்திரையும் பத்து மாத்திரையும்

பரமேஸ்வரன் பெம்பான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது குடும்பம் புக்கிட் காத்தில் பக்கம் வந்துவிட்டது. கொஞ்ச காலம் லோரி ஓட்டினார். பிறகு இருபத்தாறு வருடமாக ஃபேக்டரி பஸ். விடிவதற்கு முன்பே கம்பம் கம்பமாக, ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றி, வேலை முடிந்ததும் கொண்டுவந்து இறக்குவார். அந்தப் பஸ்ஸில் அவர் சீட்டுக்குப் பின்னாலேயே நாலு வருடம் வாய் திறக்காமல் உட்கார்ந்து வந்த பெண்தான் கமலவேணி. ஒரு நாள் பஸ் வழியில் நின்றுபோனபோது, "ரேடியேட்டர்ல தண்ணி இருக்கான்னு பாத்தீங்களா?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரியாக இருந்தது. அடுத்த வருடம் கல்யாணம்.

இப்போது அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. இனிப்பு நீர் நோய் இரண்டு சிறுநீரகத்தையும் கெடுத்துவிட்டது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயலிசிஸ். அந்த நாட்களில் காலை ட்ரிப் முடித்ததும் பரமேஸ்வரனே காரில் கூட்டிப் போவார், நாலு மணி நேரம் காத்திருந்து கூட்டி வருவார்.

அந்த வாரம் பஸ்ஸில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவருக்குக் காய்ச்சல். திங்கட்கிழமை கமலவேணிக்கு உடம்பெல்லாம் வலி. செவ்வாய் காலையில் இருவரும் கிளினிக்குக்குப் போனார்கள். மூக்கில் குச்சி விட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கும் இன்ஃபுளுவென்சா ஏ என்றார் டாக்டர். டயலிசிஸ் சென்டருக்குப் போன் போட்டுப் பேசினார். பிறகு மருந்து எழுதினார்.

மருந்து கொடுக்கும் இடத்தில் உஷாந்தி என்ற பெண் இரண்டு பாக்கெட்டுகளை எடுத்து வைத்தாள்.

"அங்கிள், இது உங்களுக்கு. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, அஞ்சு நாள். காய்ச்சல் விட்டாலும் நிறுத்தக் கூடாது. இது ஆன்ட்டிக்கு. டயலிசிஸ் முடிஞ்சதும் ஒண்ணு. மத்த நாள்ல வேணாம். மாத்திக்காதீங்க."

அவர் பாக்கெட்டில் பத்து இருந்தது. அவள் பாக்கெட்டில் மூன்று. அதுவும் அவருடையதைவிடச் சின்ன மாத்திரை. இரண்டிலும் மருந்தின் பெயர் ஒன்றேதான்.

தப்பாகக் கொடுத்துவிட்டாளோ என்று நினைத்தார். கேட்க வாயெடுத்தவரை இருமல் பிடித்துக்கொண்டது. பின்னால் வரிசை நீண்டிருந்தது. வெளியே வந்துவிட்டார்.

அன்று கமலவேணியை மூலையில் தனிக் கட்டிலில் போட்டு டயலிசிஸ் செய்தார்கள். முடிந்ததும் ஒரு மாத்திரை விழுங்கினாள். வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டாள். சாயங்காலம் தன் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பரமேஸ்வரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நல்லா இருக்கிறவன், எனக்குப் பத்து. இவளுக்கு மூன்று. யோசிக்க யோசிக்க ஒன்றும் புரியவில்லை. இனிப் பயனில்லை என்பதை டாக்டர்கள் சில சமயம் வாய்விட்டுச் சொல்லாமல் இப்படித்தான் சொல்வார்களோ என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பை வெளியே விடாமல் விழுங்கிக்கொண்டார். கையிலிருந்த மாத்திரையை அவளுக்குக் கொடுத்தால் என்ன என்றும் தோன்றியது.

புதன்கிழமை காய்ச்சல் ஏறியது. காலையில் ஒன்று போட்டது நினைவிருந்தது. பிறகு தூங்கினார், விழித்தார், மறுபடி தூங்கினார். யாரோ பஸ் ஹாரனை அடிப்பது போலவும், தான் அடுப்படிக்கும் கட்டிலுக்குமாக நடப்பது போலவும் இருந்தது. எது நடந்தது, எது கனவு என்று பிரிக்க முடியவில்லை.

சாயங்கால மாத்திரைக்காகப் பாக்கெட்டை எடுத்தார். நேற்று இரண்டு, இன்று காலை ஒன்று போக ஏழு இருக்க வேண்டும். ஆறுதான் இருந்தது.

மறுபடி எண்ணினார். ஆறு. பாயைத் தூக்கிப் பார்த்தார், தலையணைக்குக் கீழே பார்த்தார். நாற்பது பேரை ஏற்றி நாற்பது பேரை இறக்குகிற மனுஷன் இரண்டு நாளாகப் பத்து மாத்திரையைக் கணக்காக வைத்திருக்க முடியாமல் நின்றார். தூக்கக் கலக்கத்தில் தானே இன்னொன்று போட்டுவிட்டோமா? இல்லை, நேற்று நினைத்ததைச் செய்தே விட்டோமா? அவள் வாயருகே தான் தம்ளரைப் பிடித்தது போல ஒரு காட்சி கண்ணுக்குள் வந்தது. அது இன்றைக்கு நடந்ததா, போன வருடம் நடந்ததா?

"வேணி, நான் உனக்கு என்னோட மாத்திரை எதாச்சும் குடுத்தேனா?"

கமலவேணி கண்ணைத் திறக்காமலே, "நீங்க குடுக்கல" என்றாள்.

மனம் அடங்கவில்லை. பாக்கெட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டார். உஷாந்திதான் எடுத்தாள். நடந்ததைச் சொன்னார். கொடுக்க நினைத்ததையும் சொன்னார்.

"அங்கிள், நீங்களே கூட ஒண்ணு போட்டிருந்தா பெரிசா பயமில்ல. வாந்தி வருதா? இல்லல்ல. இப்ப சாப்பிட்டுட்டு வழக்கமா போடறத மட்டும் போடுங்க. ஆன்ட்டி எடுத்திருந்தாத்தான் எனக்குக் கவலை. அவங்களுக்குக் கிட்னி வேலை செய்யல, மருந்து வெளிய போகாது. வாந்தி எடுத்தாலோ, பேச்சு மாறிப் பேசினாலோ வீட்டுல வச்சுப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க. சென்டருக்கு உடனே சொல்லுங்க. இல்லாட்டி எமர்ஜென்சிக்குப் போங்க."

"மருந்து வெளிய போவாதுன்னா நல்லதுதானேம்மா? உள்ளேயே இருந்தா நல்லா வேலை செய்யுமே."

உஷாந்தி விளக்கினாள். அவர் "சரிம்மா, சரிம்மா" என்றார். பாதிதான் விளங்கியது. ஒரு தாளில் கிழமை எழுதி, போட்டதற்கு எதிரே கோடு போடச் சொன்னாள். அதை மட்டும் உடனே செய்தார். கமலவேணியின் பாக்கெட்டைத் தனியாக எடுத்து அலமாரியின் மேல் தட்டில் வைத்தார்.

வியாழக்கிழமை காலையில் கமலவேணி இரண்டு முறை வாந்தி எடுத்தாள். முகம் கழுவிவிடும்போது, "ஷிஃப்ட் முடிஞ்சிருச்சா? பஸ்ஸு எங்க?" என்று கேட்டாள். அவள் வேலையை விட்டுப் பத்து வருடமாகிறது. காய்ச்சலில் பேசுகிறாளா, மருந்தா, தான்தான் காரணமா? சென்டருக்குப் போன் போட்டார். அங்கே நர்ஸாக இருக்கும் மிஸ்ஸி பவானேஸ்வரி, "இப்பவே கூட்டிட்டு வாங்கண்ணே, நேரம் பாக்க வேணாம். ரெண்டு பாக்கெட்டையும் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அங்கே டாக்டர் பார்த்தார், ரத்தம் எடுத்தார்கள், மெஷினில் போட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் கமலவேணிக்குக் கண் தெளிந்தது. மிஸ்ஸி மாத்திரைப் பாக்கெட்டைக் காட்டி மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அண்ணன் மாத்திரைய நீங்க எடுத்தீங்களா? திட்ட மாட்டேன்லா. டாக்டருக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

கமலவேணி கணவனைப் பார்த்தாள். "அவரு குடுக்கல. நானாத்தான் நேத்து மத்தியானம் எடுத்தேன். அவரு தூங்கிக்கிட்டு இருந்தாரு."

"ஏன்கா?"

"எனக்கு மட்டும் மூணு குடுத்தாங்க. இவளுக்கு இனிமே எதுக்குன்னு விட்டுட்டாங்களோன்னு நெனச்சேன். நீங்கல்லாம் சொல்ல மாட்டீங்கன்னு."

பரமேஸ்வரன் சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தான் விழுங்கிக்கொண்ட அதே நினைப்பை அவளும் ஒரே வீட்டில் தனியாக விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மிஸ்ஸி அவள் தோளைத் தொட்டாள். "யாரும் விடலக்கா. அண்ணன் போடற மருந்து மூத்திரத்துல போயிடும், அதான் தினம் ரெண்டு. உங்களுக்கு ஒண்ணு போட்டா மெஷின் எடுக்கிற வரைக்கும் உள்ளேயே நிக்கும். அந்த ஒண்ணே உங்களுக்குப் போதும். கூட ஆனா தேங்கிக்கும்."

டாக்டர் அன்றைக்குரிய மாத்திரை வேண்டாம் என்றார். கலக்கத்துக்குக் காய்ச்சல் காரணமா, மருந்து காரணமா என்று அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மூன்றே குறைவு என்று நினைத்த பரமேஸ்வரனுக்கு இன்றைக்கு ஒன்றுமே இல்லை என்பது இன்னும் குழப்பமாக இருந்தது. ஆனால் இந்த முறை வாய்விட்டுக் கேட்டார். டாக்டர் இரண்டு தரம் சொன்னார். திரும்பும் வழியில் கிளினிக்கில், அவர் பாக்கெட்டில் குறைந்துபோன ஒன்றுக்குப் பதிலாக உஷாந்தி ஒரு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை அவருக்குக் காய்ச்சல் விட்டது. நிறுத்திவிடலாமா என்று தோன்றினாலும் சொன்ன நாள் வரைக்கும் போட்டார். சனிக்கிழமை டயலிசிஸ் முடிந்ததும், டாக்டர் சொன்னபடி கமலவேணி ஒன்று போட்டாள். வாந்தி நின்றிருந்தது. பேச்சும் பழையபடி ஆகியிருந்தது.

காரில் வரும்போது பரமேஸ்வரன், "என்னதான் சொன்னாலும் எனக்கு இன்னும் சரியா வெளங்கல வேணி" என்றார்.

"எனக்கும்தான்" என்றாள் கமலவேணி. "அடுத்த தடவ ரெண்டு பேரும் சேந்தே கேப்போம்."

சிக்னலில் பச்சை விழுந்தது. அவர் கியரைப் போட்டார்.