கரி படிந்த முகம்

சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த ஏழுமலை அண்ணனை, ஷிப்ட் முடிந்து வரும்போது ஃபிலிம் கேமராவில் படம் எடுத்தேனே, நினைவிருக்கிறதா? நம் போட்டோ குரூப்பில் ஆளாளுக்குச் சொன்னீர்கள்: "மூஞ்சில இருக்கற கரிதான் படமே. கான்ட்ராஸ்ட் இன்னும் ஏத்துங்க."

ஏற்றினேன். கரி இன்னும் கறுத்தது.

இன்று குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் அவர் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அண்ணன் போன வாரம் தவறிவிட்டாராம்.

"ஆதார்ல இருக்கறது அவரு மாதிரியே இல்லீங்க. நீங்க குடுத்த போட்டோதான் இருக்குது. காரியத்துக்கு வைக்கணும். மூஞ்சிய மட்டும் கழுவித் தர்றீங்களா?"

சரி என்றேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து, ஸ்கேன் செய்த படத்தைக் கம்ப்யூட்டரில் துடைத்துக்கொண்டிருக்கிறேன். கரிக்கு அடியில் என்ன முகம் என்று தெரியவில்லை. குளித்துவிட்டு வந்த அண்ணனை நான் பார்த்ததே இல்லை.

கான்ட்ராஸ்ட் ஏற்றச் சொன்னவர்களே, உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா?