கவிழ்த்துப் பதித்த கல்

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இது நடந்தது. புதுச்சேரியில், 1957இல். கொத்தனார் கண்ணையன் தலையைக் குனிந்துகொண்டு என்னிடம் சொன்னது. பெருமைக்குப் பொய் சொல்லுவான் மனிதன். தன் மானம் போகிற பொய்யை எவன் சொல்லுவான்?

பிரெஞ்சுக்காரர் காலத்துக் கல்லறைத் தோட்டம் அது. வாசலே ஒரு சின்னக் கோயில் மாதிரி இருக்கும். பருத்த தூண் இரண்டு, மேலே வளைவு, உச்சியில் சிலுவை, காலடியில் ஒரே கல்லாக வாசற்படி. தாண்ட முடியாத அகலம்; மிதித்துத்தான் போகவேண்டும். அந்தப் படி வெடித்துப் போயிருந்தது. கல்லறைத் திருநாளுக்குள் மாற்றச் சொல்லிப் பங்குச் சாமியார் புதுக்கல் வரவழைத்தார். இரண்டு நாள் இருக்கையில் கண்ணையன் அதைக் கைதவறிப் போட்டு உடைத்தான்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புதர் மண்டிய மூலையில் கிடந்த ஒரு கல்லறைப் பலகையைப் பெயர்த்து, எழுத்து வெளியே தெரியாதபடி கவிழ்த்துப் பதித்தான். அச்சாகப் பொருந்தியது.

மறுநாள் உச்சிவேளை. மாதாகோயில் மணி பன்னிரண்டு அடித்து ஓய்ந்தது. தூணுக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தான். படிக்கு வெளியே ஒரு பெண். வெறுங்கால். மண் கொதித்தது... அவள் கால் மாற்றவே இல்லை.

“படிய மிதிச்சிக்கினு வாம்மா. ஒண்ணும் ஆவாது.”

“எப்படி வருவேன்? எம் புள்ள மூஞ்ச மிதிச்சிக்கினா?”

கொத்துக்கரண்டி நழுவியது. எடுத்து நிமிர்ந்தான்.

யாரும் இல்லை.

டொக்... டொக்... கல்லுக்கு அடியில்.

கடப்பாரை போட்டு நெம்பினான். அரைமணிக்கான ஒற்றை மணி அடித்தது. அடியில் ஈரச் சாந்து புடைத்திருந்தது.

இரண்டு உள்ளங்கை... கல்லைக் கீழிருந்து தாங்குகிற மாதிரி.

நடுவே இன்னும் இரண்டு.

நெல்லிக்காய் அளவு.

விடிந்தால் திருநாள். ஓடிப்போய்ச் சாமியார் காலில் விழுந்திருக்கலாம். கண்ணையன் கரண்டியை எடுத்தான். நான்கு கையையும் தேய்த்து மட்டம் செய்தான். கல்லை இறக்கினான்.

மறுநாள் ஊரே அதை மிதித்து உள்ளே போனது.

மூன்று மாதம் கழித்து, தோட்டக் காவலாள் சவரிராயனிடம் போகிறபோக்கில் கேட்பவன்போலக் கேட்டான்.

“அந்த மூலையில யாருண்ணே?”

“ஒரு கொழந்த. பேரு வெட்டுன கல்லு இருந்துச்சி. எந்தக் கம்மனாட்டி தூக்கினு போனானோ.”

“கொழந்த மட்டுமா?”

“பிரசவத்துல போனது. எங்கப்பாதான் குழி வெட்டுனாரு. ஆத்தாளும் புள்ளையும் ஒரே பெட்டி. அவ கை ரெண்டையும் புள்ள மேல வெச்சி மூடுனாங்களாம்.”

அப்போதும் உண்மையைச் சொல்லாமல், அந்தப் படியை மிதித்தே கண்ணையன் வெளியே போனான்.