பயிற்சி ஆட்டத்தில் என் மனைவி நடுவரை ஏசினது

இதை எழுத நாலு வருசமாகத் தயங்கினேன். பேனையை எடுப்பேன், ஒரு வரி எழுதுவேன், மூடி வைத்துவிடுவேன். எனக்குப் பெரிய படிப்பில்லை. ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றவன். டென்மார்க்குக்கு வந்து படித்ததெல்லாம் கொஞ்சம் டேனிஷும், சாமான் தூக்குகிற வண்டி ஓட்டுகிறதும்தான். ஆனால் தயக்கத்துக்குக் காரணம் அதுவல்ல. ஆண்டவர் என் வீட்டுக்குச் செய்த நன்மையைச் சொல்லவேண்டுமென்றால், என் மனைவி ஊர்பேர் தெரியாத ஒரு மனுசனை ஏசினதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். "அதை எழுதினால் சபையிலை நான் என்னண்டு முகம் காட்டுறது?" என்று அவள் மறித்துக்கொண்டே இருந்தாள். போன கிழமை அவளே "எழுதுங்கோ" என்றாள். ஏன் மனம் மாறினாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் மனைவி எங்கள் ஜெபக்கூட்டத்தில் பாட்டு எடுத்துக்கொடுக்கிறவள். யூலாந்துப் பக்கத்துச் சின்னப் பட்டணம் எங்களுடையது. வெள்ளிக்கிழமை பின்னேரம் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். வேலை முடிந்து வந்த களைப்பில் பாதிப்பேர் தூங்கி விழுவார்கள். அவள் முதல் அடியை எடுத்தால் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்படி ஒரு குரல்.

நாலு வருசத்துக்கு முன் அவளுடைய கழுத்தில் கழலை வந்து, ஓகூஸ் பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் செய்தார்கள். ஆண்டவருக்கு நன்றி, பயப்படுகிற வியாதி ஒன்றுமில்லை. ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு அயர்ந்து, வெறும் குசுகுசுப்புத்தான் மிஞ்சினது. இப்படி நடக்கக்கூடும் என்று முன்னமே சொல்லித்தான் செய்தார்கள், அதனால் ஒருவரையும் குறை சொல்ல ஏலாது. நரம்பு திரும்ப எழும்பலாம், எழும்பாமலும் போகலாம் என்றார்கள்.

வீட்டில் அவள் கைதட்டிக் கூப்பிடத் தொடங்கினாள். ஒரு தட்டு என்றால் நான். இரண்டு தட்டு என்றால் மகள். விடாமல் தட்டினால் சாப்பாடு ஆறுகிறது என்று அர்த்தம். நாங்களும் சிரித்துச் சமாளித்தோம். எனக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. கலியாணம் கட்டின நாளிலிருந்து அவள் என்னை "இஞ்சேருங்கோ" என்றுதான் கூப்பிடுவாள். அது எவ்வளவு இனிமையான சொல் என்று, கேட்காமல் போன பிறகுதான் விளங்கினது.

குரலுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு டேனிஷ் பெண் இருந்தார். தண்ணீர்க் கிளாசுக்குள் ஸ்ட்ரோ விட்டு ஊதச் சொன்னார். குசினியில் காலையும் மாலையும் குமிழி குமிழியாக ஊதுவாள். கோடை முடிகிற நேரம் அவர் தொண்டைக்குள் கமராக் குழாய் விட்டுப் பார்த்து, "நரம்பு அசையத் தொடங்கிவிட்டது. இனிக் குசுகுசுக்காதே, சத்தமாகக் கூப்பிட்டுப் பார். யாரும் கேட்காத இடத்தில் போய்க் கூப்பிடு" என்றார். காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குளத்தடியில் நின்று வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. ஒரு தாரா வாத்து மட்டும் திரும்பிப் பார்த்தது.

ஜெபக்கூட்டத்தில் இன்னும் கஷ்டம். "விசுவாசத்தோடை பாடுங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டு எல்லாரும் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள். அவளுக்கு உள்ள காற்றும் அடைத்துப்போகும். கொஞ்ச நாளில் முன்வரிசையை விட்டு, கதவடியில் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் இருக்கத் தொடங்கினாள். ஒருநாள் என் காதுக்குள் சொன்னாள்: "ஆண்டவர் என்ரை பாட்டைத் திருப்பி எடுத்துப்போட்டார் போலை." எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

என்னோடு குடோனில் வேலை செய்கிற டேனிஷ்காரன் ஒருவன், எங்கள் பட்டணத்துக் கூடைப்பந்துக் குழுவுக்கு மேளம் அடிக்கிறவன். சம்பளத்துக்கு விளையாடுகிற பெரிய குழு அது. கோப்பி நேரத்தில் நான் வீட்டுக் கைதட்டுக் கதையைச் சொல்ல, வயிறு குலுங்கச் சிரித்தான். பிறகு சொன்னான்: "சனிக்கிழமை பகல் உன்ரை மனுசியைக் கூட்டிக்கொண்டு வா. எங்களுக்குக் கைதட்டத் தெரிஞ்ச ஆக்கள் வேணும். நாங்கள் தட்டினால் தகரத்திலை மழை பெய்யிற மாதிரி இருக்கு." மூன்று ரிக்கற் தந்தான்.

கூப்பிட்ட இடத்துக்கு வெறுங்கையோடு போகிற பழக்கம் எங்களுக்கில்லை. விடிய எழும்பி மனைவி உள்ளீடு வைத்துச் சுருட்டி றோல்ஸ் பொரித்து, பெரிய பெட்டியில் அடுக்கினாள். காரை எடுக்க முதல் நான் கண்ணை மூடி, "ஆண்டவரே, எங்கள் பட்டணத்துக் குழுவுக்கு வெற்றி தாரும்" என்று ஜெபித்தேன். பின்சீற்றிலிருந்து மகள் டேனிஷில், "அப்பா, மற்றக் குழுவிலும் யாராவது ஜெபம் பண்ணினால் கடவுள் என்ன செய்வார்?" என்றாள்.

"முதல் பெல்ற்றைப் போடு" என்றேன்.

வாசலில் நின்ற தொண்டுக்காரப் பெண், வெளிச்சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்றார். மனைவிக்கு வாதாடக் குரலில்லை. பேசாமல் மூடியைத் திறந்து காட்டினாள். வாசம் தன் வேலையைச் செய்தது. அந்தப் பெண் ஒன்றை எடுத்துக்கொண்டு, "நான் பார்க்கவில்லை" என்று மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் அதற்குமுன் கூடைப்பந்தை நேரில் பார்த்ததில்லை. நிலத்தில் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று எத்தனையோ கோடுகள். எது எந்த விளையாட்டுக்கு என்று விளையாடுகிறவர்களுக்காவது தெரியுமோ என்று நினைத்தேன். சப்பாத்து கீச்சிடுகிற சத்தம் ஆயிரம் எலி ஓடுவதுபோல் இருந்தது. ஒவ்வொருத்தனும் எங்கள் வீட்டு நிலைவாசலில் குனிந்துதான் வரவேண்டும், அவ்வளவு உயரம். எதிர்க்குழு ஜெர்மனியிலிருந்து வந்தது. எங்கள் பக்கத்தில் அந்தக் கிழமைதான் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பெடியன். அவனுடைய விளையாட்டுச் சட்டையில் பெயர்கூட இன்னும் அடிக்கவில்லை. பக்கத்தில் நிற்கிறவர்களின் பெயர் தெரியாமல், பந்து கேட்கிறதற்கு அவனும் கைதட்டினான். மனைவி என்னை முழங்கையால் இடித்து, தன்னைக் காட்டினாள். எங்களுக்கு அப்போதே அவன் சொந்தக்காரனாகிவிட்டான்.

எங்கள் ஆட்கள் விட்ட பிழைகளுக்குக் கணக்கில்லை. கைக்கெட்டின பந்தைத் தவறவிட்டார்கள். தங்கள் ஆளோடேயே போய் மோதினார்கள். பயிற்சியாளரோ கோபப்படாமல், ஒருவனை எடுத்து மற்றவனை விட்டு, விட்டவனை எடுத்து இன்னொருவனை விட்டார். பக்கத்தில் இருந்த மேளக்காரனிடம், "தோற்றால் என்ன நடக்கும்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் நடக்காது. இது பயிற்சி ஆட்டம். போட்டிகள் தொடங்க இன்னும் நாள் கிடக்கு. இண்டைக்குப் பிழை விடுறதுக்குத்தான் வந்திருக்கிறாங்கள்."

மனைவிக்குச் சொன்னேன். அவள் குசுகுசுத்தாள்: "அப்ப நீங்கள் காரிலை பண்ணின ஜெபம்?"

"ஆண்டவர் அதை வேறை எதுக்காவது எடுத்துப் பாவிப்பார்" என்றேன். சமாளிக்கத்தான் சொன்னேன்.

இடைவேளை முடிந்து மேளம் திரும்பத் தொடங்கினபோது அவள் கைதட்டினாள். எங்கள் சபையில் வேகமான பாட்டுக்குத் தட்டுகிற தட்டு அது. நேர்த்தட்டு அல்ல, இடையில் விழுகிற தட்டு. மேளக்காரன் திரும்பிப் பார்த்தான். இரண்டு தரம் பிழை விட்டு, மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டான். அந்த மூலையில் இருந்தவர்கள் எல்லாரும் அதே தாளத்துக்குத் தட்டத் தொடங்கினார்கள். டேனிஷ் கிழவிமார்கூடத் தோளை ஆட்டினார்கள். மனைவியின் முகத்தில் வியர்வை. கதவடியில் இருக்கிற ஆள்போல அவள் இப்போது இல்லை.

அப்போதுதான் அது நடந்தது. பெயரில்லாத சட்டைக்காரன் பந்தோடு எழும்பினான். ஜெர்மன்காரன் ஒருவன் அவனுடைய கையில் அடித்தான். எங்களுக்கு முன்னாலேயே பெடியன் தொப்பென்று விழுந்தான். விசில் ஊதப்பட்டது. நடுவர் கையை நீட்டி, விழுந்தவன்மேலேயே பிழை என்று காட்டினார். மேளம் நின்றது.

"அட அறுவானே! அடிச்சவன் அங்கை நிக்கிறான்! உன்ரை கண் எங்கையடா கிடக்கு?"

யாரோ பின்னுக்கிருந்து கத்துகிறார்கள் என்று நினைத்துத் திரும்பினேன். பின்னுக்கு ஒரு தமிழரும் இல்லை. என் பக்கத்தில் மனைவி எழும்பி நின்றாள், கை நடுவரை நோக்கி நீண்டிருந்தது. கரகரத்து, நடுவில் ஒரு இடத்தில் உடைந்த குரல். ஆனால் அவளுடைய குரல். நடுவர் நிமிர்ந்து பார்த்தார். அறுவான் என்றால் எங்கள் ஊரில் நாசமாய்ப் போவான் என்று ஏசுகிற சொல்; பாஷை விளங்காவிட்டாலும் விசயம் விளங்கியிருக்கும்.

மேளக்காரன் மகளிடம், "அம்மா என்ன சொன்னவா?" என்று கேட்டான்.

மகள் ஒருகணம் யோசித்து, டேனிஷில், "அம்மாவுக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லையாம்" என்றாள்.

மனைவி மெல்ல உட்கார்ந்தாள். கையைத் தொண்டையில் வைத்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இஞ்சேருங்கோ" என்றாள்.

தலையை ஆட்டினேன்.

"நானே கத்தினது?"

"ஓம். நீர்தான். இன்னொருக்காச் சொல்லும்."

"என்னத்தை?"

"எதையெண்டாலும்."

அவள் கொஞ்சம் யோசித்து, வெட்கத்தோடு, "அறுவான்" என்றாள். நாங்கள் இரண்டுபேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் கண்ணைத் துடைத்தேன். மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில், "அம்மா, என்னைக் கூப்பிடுங்கோ" என்றாள். தாய் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அன்றைக்குக் கைதட்டு எங்கள் வீட்டை விட்டுப் போனது.

ஆட்டத்தில் எங்கள் பட்டணம் தோற்றது, அதுவும் நன்றாகத் தோற்றது. முடிந்த பிறகு மனைவிக்கு மனம் பொறுக்காமல் நடுவருக்கு இரண்டு றோல்ஸ் கொடுத்தனுப்பினாள். அவர் இரண்டையும் சாப்பிட்டுவிட்டு, எங்கள் பக்கம் பார்த்துப் பெருவிரலைக் காட்டினார். அந்தத் தீர்ப்பு மட்டும் சரி என்றாள் மனைவி.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் முன்வரிசையில் இருந்து பாட்டெடுத்தாள். பழைய சுருதி இல்லை. கீழே இறக்கித்தான் பாடினாள், இன்றைக்கும் அப்படித்தான். ஆண்கள் எங்களுக்கு அது வசதி, இப்போதுதான் கூடப் பாடமுடிகிறது. சாட்சி சொல்லச் சொன்னபோது, "விளையாட்டு மண்டபத்திலை சத்தம் வந்தது, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். மிச்சத்தை மற்றவர்கள் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். போன கிழமை லண்டனிலிருந்து அவளுடைய மச்சாள் போன் எடுத்தா. "உனக்கு முழு இரவு ஜெபத்திலை பாஸ்டர் கைவைக்கக் குரல் வந்ததாமே, முதல் சொல்லே அல்லேலூயாவாமே" என்று அழுதா. மனைவி போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை" என்றாள். "ஆண்டவர் செய்ததை நாங்கள் திருத்தி அழகாக்கிக் குடுக்கிறமோ? அவருக்கு என்ன வெட்கமே? எழுதுங்கோ. ஏசினதையும் எழுதுங்கோ."

வைத்தியர்கள் நரம்பு என்பார்கள். அந்த நரம்பைப் படைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும், அதனால் எனக்கு அவர்களோடு சண்டையில்லை. ஆனால் ஒன்று யோசிப்பேன். ஜெபக்கூட்டத்தில் எல்லாரும் அவளுடைய வாயைப் பார்த்திருந்தோம், வரவில்லை. பிழை விட்டாலும் ஒருவரும் கணக்கு வைக்காத ஒரு ஆட்டத்தில், இன்னொருவனுக்காகக் கோபம் வந்து தன்னை மறந்த நேரத்தில் வந்தது. அந்த இடத்தை ஆண்டவர்தான் தெரிந்தெடுத்தார் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே வாசிக்கிற சகோதரர்களே, இதை நீங்கள் விரும்பினவர்களுக்குச் சொல்லுங்கோ, சுகமில்லாமல் பயந்திருக்கிறவர்களுக்கு முதலில் சொல்லுங்கோ. ஆனால் நடந்தபடியே சொல்லுங்கோ. அந்த மண்டபத்தைக் கோயிலாக்க வேண்டாம். பகலை இரவாக்க வேண்டாம். தோற்ற குழுவை வெல்லவைக்க வேண்டாம். என் மனைவி கத்தின சொல்லையும் மாற்றவேண்டாம். அவள் "அறுவானே" என்றுதான் கத்தினாள், ஆண்டவர் அதையும் கேட்டார்.