யார் வைத்த ஆப்பு

பட்டறையில் அவளுக்கு, கொத்தனார் மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால், ரசமட்டம் என்று பெயர். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவாள். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் ஒரே நாளில் ஆறு படங்களை நிமிர்த்திவிட்டு, கடைசியில் மாமனாரின் மூக்குக்கண்ணாடியையும் கழற்றித் தரச் சொன்னாள் என்று அவள் கணவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். பொய்யில்லை. அப்போது அவள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். ஃபிரேமை வளைத்து, காதுக்குப் பின்னால் உறுத்தாமல் பொருத்திக் கொடுக்கும் வேலை. பதினாலு வருஷம் பார்த்ததில், இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருக்கிற மனிதர் ஒருவர்கூட அகப்படவில்லை.

அந்தக் கடையை மூடியதும் அண்ணன் கூப்பிட்டார். அவருடையது வண்டிச் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் பட்டறை. முன்மேஜையில் உட்கார்ந்து போன் எடுக்கத்தான் கூப்பிட்டார். மூன்றாவது வாரம் அவள் மேஜையில் இல்லை, ஒரு வேனுக்கு அடியில் இருந்தாள். அண்ணன் முறைத்தார், திட்டினார், பிறகு அவள் அளவுக்கு ஒரு நீல உடுப்பு தைத்துக் கொடுத்தார். ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. ஒன்றை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. வேலை முடிந்த வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது அவர்தான். லைசென்ஸ் அவளிடமும் இருந்தது. “அடுத்தவங்க வண்டி பாப்பா, எதுக்கு வம்பு” என்பார். நாற்பத்தாறு வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

ஒருநாள் காலையில் ஒரு பழைய சின்ன லாரி வந்து நின்றது. உருண்டை விளக்கு, பாசிப்பச்சை நிறம், வயது அறுபதுக்கு மேல் இருக்கும். பார்த்ததும் கண்ணில் பட்டது அதன் உயரம்தான். நடந்து களைத்து உட்கார்ந்துவிட்ட மாதிரி, வயிற்றுக்கும் தரைக்கும் ஒரு சாண்கூட இல்லை. ஓட்டி வந்தவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர், ஒல்லிக்குச்சி மனிதர். பக்கத்தில் அவர் மனைவி, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர்.

“மத்தவங்க ஸ்டைலுக்கு வண்டிய இறக்குவாங்க. நாங்க என் மூட்டுக்காக இறக்குனோம்” என்றார் டீச்சர். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் அவ்வளவு உயரம் கால் தூக்கி வைக்க முடியவில்லை. அதனால் ஓவியரும், வெல்டிங் வேலை செய்யும் டீச்சரின் தம்பியும் சேர்ந்து, ஸ்பிரிங் பட்டைகளில் சிலதைக் கழற்றி வண்டியைத் தாழ்த்தினார்கள். இப்போது நாற்காலியில் உட்காருவது போல ஏறி உட்காரலாம்.

“ஆனா அன்னையிலேருந்து இது நேரா போறதே இல்லீங்க” என்றார் ஓவியர். “குடிச்சவன் மாதிரி இந்தப் பக்கம் ரெண்டடி, அந்தப் பக்கம் ரெண்டடி. மூணு பட்டறையில காட்டியாச்சு. டயர்தான் தேயுது.”

அண்ணன் கம்ப்யூட்டரில் தேடினார். அந்த வண்டியின் பெயரே பட்டியலில் இல்லை. “இதுக்கு என்ன அளவுன்னு மெஷினுக்கே தெரியலீங்க” என்று கையை விரித்தார்.

“அண்ணே, அதுக்கு வண்டியத் தெரியாட்டா போகுது. கோணத்த அளக்கத் தெரியும்ல?” என்றாள் ரசமட்டம்.

சக்கரத்தை அளக்கும் மேடையில் வண்டியை ஏற்றுவதே பெரும்பாடாகிவிட்டது. மூக்கு இடித்தது. இரண்டு பலகைகளைச் சரித்துப் போட்டு, ஓவியர் அங்குலம் அங்குலமாக ஏற்ற, டீச்சர் எதிரே நின்று கையசைத்தார். “இடது பக்கம் வாங்க... ஐயோ, உங்க இடது இல்ல, என் இடது!”

கருவிகளை மாட்டி அளந்தபோது, முன்சக்கரங்கள் இரண்டும் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. மூன்று பட்டறைக்காரர்களும் ஆளுக்கொரு திருகு திருகியிருந்தார்கள். அவளை நிறுத்தியது அடுத்த எண். காஸ்டர் என்று சொல்லும் சாய்வு, இரண்டு பக்கமும் தலைகீழாக இருந்தது.

ஓவியருக்குப் புரியவில்லை. “கைய விட்டுட்டு சைக்கிள் ஓட்டியிருக்கீங்களாய்யா?” என்று கேட்டாள். “முன்சக்கரத்தப் பிடிச்சிருக்கிற கம்பி நம்ம பக்கமா சாஞ்சிருக்கும். அதனாலதான் சக்கரம் தானா நேராகுது. உங்க வண்டியில அந்தச் சாய்வு முன்னாடி பாக்குது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தப்பா இருக்குன்னா, எதுவும் வளையல. யாரோ அப்படி வச்சிருக்காங்க.”

டார்ச்சோடு அடியில் படுத்தாள். ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே, சாய்வு கொடுப்பதற்கென்று ஓர் இரும்பு ஆப்பு. அதன் தடித்த பக்கம் பின்னால் இருக்க வேண்டும், முன்னால் இருந்தது. மறுபக்கமும் அப்படியே.

“நான் சொல்லல?” ஓவியர் துள்ளினார். “எல்லாம் இவ தம்பி கைங்கரியம். நாலு கம்பிய ஒட்டத் தெரிஞ்சா இன்ஜினியர்னு நெனப்பு. ரெண்டு மாசமா அவன்கூட நான் பேசறதே இல்ல. சும்மாவா?”

ஓவியர் மூச்சு விடுவதற்காக நிறுத்தியபோது டீச்சர் மெல்லக் கேட்டார். “ஏங்க, அன்னிக்கு அவன் பட்டையக் கழட்டிட்டு கை கழுவப் போனான். அந்த நேரத்துல ஆப்ப எடுத்து வச்சது யாரு?”

ஓவியர் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். “போல்ட்டு முடுக்கினது அவன்தான்.”

“நான் முடுக்கினதக் கேக்கல. வச்சது?”

ஓவியர் தலையைச் சொறிந்தார். “அப்போ உங்களுக்கு நீங்களே ஆப்பு வச்சிக்கிட்டீங்க” என்றார் அண்ணன். டீச்சர் சிரித்த சிரிப்பில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார வேண்டியதாயிற்று. ஓவியரும் கடைசியில் சிரித்துவிட்டார்.

போல்ட்டுகளைத் தளர்த்தி, ஆப்புகளைத் திருப்பி வைத்து, மறுபடி முடுக்க மத்தியானம் ஆனது. சக்கரங்களை நேராக்குவதற்கு முன் இருவரையும் வண்டியில் ஏறி உட்காரச் சொன்னாள். “தினமும் எப்படிப் போவீங்களோ அப்படியே உக்காருங்க.” மூக்குக்கண்ணாடியை மேஜையில் வைத்து யாரும் சரிபார்ப்பதில்லை, முகத்தில் மாட்டித்தான் பார்ப்பார்கள். இருபது நிமிஷம் இருவரும் போட்டோவுக்கு உட்கார்ந்தவர்கள் போல அசையாமல் மேடையில் இருந்தார்கள்.

ஓட்டிப் பார்க்க அண்ணன் வந்தார். சீட்டு நகராத வகை, ஒல்லி மனிதருக்காகவே முன்னால் தள்ளி ஆணியடித்தது. மூச்சை இழுத்துப் பிடித்து உள்ளே நுழைந்தவர், உட்கார்ந்து மூச்சை விட்டதும் தொப்பை அழுத்தி ஹாரன் அடித்தது. இறங்கி, மறுபடி முயன்றார். மறுபடி ஹாரன்.

ஓவியர் தானே ஓட்டிக் காட்டுவதாகச் சொல்லி எழுந்தார். “நீங்க போய் என் தம்பிக்குப் போன் போடுங்க” என்று டீச்சர் தடுத்தார். “சரி பண்ணவங்களே ஓட்டட்டும். நானும் போறேன்.”

அண்ணன் சாவியை நீட்டினார். “மெதுவா போ பாப்பா.”

கிடங்குகளுக்குப் பின்னால் நீளமாக ஒரு ரோடு போகும். முதல் திருப்பத்தில் இரண்டு கையாலும் இறுகப் பிடித்துத் திருப்பினாள். ஸ்டியரிங் கொஞ்சம் கனத்தது, சாய்வு சரியாகிவிட்டதற்கு அது அடையாளம். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது வண்டி அங்குமிங்கும் ஓடவில்லை. விரல்களை லேசாகத் தூக்கினாள். சக்கரம் தானாக நடுவுக்கு வந்து நின்றது, வண்டி கோடு போட்ட மாதிரி போனது. ஒன்பது வருஷமாகத் திரையில் எண்ணாகப் பார்த்ததை இப்போதுதான் கையில் வாங்கிக்கொண்டாள். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“முதல் தடவையா?” என்று கேட்டார் டீச்சர்.

“வண்டி ஓட்டறது இல்லம்மா. நான் சரி பண்ணத நானே ஓட்டறது.”

“அப்போ இங்க ஏன் திரும்பறீங்க? பாலம் வரைக்கும் போங்க.”

போனார்கள். பாலத்துக்கு அப்பாலும் கொஞ்சம் போனார்கள். திரும்பி வந்தபோது அண்ணன், ஏற்கெனவே பெருக்கியிருந்த வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஓவியர் போனில், “சரிடா மச்சான், தப்பு என்னோடதுதான். எத்தனை தடவ சொல்றது?” என்று கத்திக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து, டயரைக் காட்ட அந்த லாரி வந்தது. நடுவில் டீச்சரின் தம்பியையும் நெருக்கி உட்கார வைத்திருந்தார்கள். ரசமட்டம் குனிந்து டயரின் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோலிருந்தன. செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு, பின்பலகையைத் திறந்து போட்டு எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். வண்டி அவ்வளவு தாழ்வாக இருந்ததால் யாருக்கும் கால் தொங்கவில்லை.