சதாசிவம் சாரும் ‘சஃபர்’ என்ற சொல்லும்

சதாசிவம் சார் காலமான செய்தியைச் சூளகிரி பேருந்து நிறுத்தத்தில் நசீர்தான் சொன்னான். “சார் போயிட்டாராம்ணா. சாயங்காலம் எடுக்கிறாங்க.” அவன் குரலில் இருந்த வருத்தம் எனக்கு எரிச்சலூட்டியது.

மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலையில் அவர் தொழிலாளர் விவகாரங்களைப் பார்க்கும் பர்சனல் ஆபீசர். வடக்கேயிருந்து வந்த மேனேஜரின் ஆங்கிலத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் எங்களுக்குச் சொல்பவர். குரலை உயர்த்தவே மாட்டார். அந்த மென்மையை நம்பித்தான் கெட்டோம்.

மேனேஜர் வாயில் அடிக்கடி வரும் ஆங்கிலச் சொல் ‘சஃபர்’ (suffer). உற்பத்தி ‘சஃபர்’ ஆனால், “கம்பெனிக்கு நஷ்டம்ப்பா” என்பார் சார். எங்களைப் பார்த்து அதே சொல் வந்தால், “அனுபவிப்பீங்க” என்று மிரட்டலாக மாறும்.

எண்பதுகளின் நடுவில் பிரஸ் மெஷினில் நசீரின் இடக்கை விரல்கள் போயின. வேலை வேகமாக நடக்கட்டும் என்று பாதுகாப்புத் தகட்டைக் கழற்றச் சொன்னது மேற்பார்வையாளர். கொஞ்சம் ஆங்கிலம் தெரியும் என்பதால் விசாரணையில் நசீருக்குத் துணையாக நான் இருந்தேன். இந்தக் காயத்தை எப்படி ‘சஃபர்’ செய்தான் என்று மேனேஜர் ஆங்கிலத்தில் கேட்டார். சார் நசீரிடம் திரும்பினார்.

“உன் கையை நீ எப்படிப்பா வெட்டிக்கிட்டே?”

மிரண்டு போயிருந்த நசீர், “மெஷின்ல விட்டுட்டேன் சார்” என்றான்.

நான் எழுந்தேன். “அவர் அப்படிக் கேக்கலை சார். எப்படி அடிபட்டுச்சுன்னுதான் கேட்டார்.”

“அந்த வார்த்தைக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீ உக்காரு.”

ஒன்றல்ல என்பது அவருக்குத் தெரியும். தவறு நசீருடையது என்று முடிவாகி, அவன் வேலை போயிற்று. குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையோரம் டீக்கடை வைத்தான்.

தொண்ணூறுகளில் ஆட்குறைப்பு வந்தபோது சாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒருநாள் அந்தக் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நானும் அங்கே இருந்தேன்.

“ரொம்ப சஃபர் ஆயிட்டேன் நசீர்.”

நசீர் டீயை அவர் முன் வைத்துவிட்டுக் கேட்டான்: “யார் சார் பண்ணாங்க?”

நசீரின் விசாரணையில் எவரும் கேட்காத கேள்வி அது. சார் நசீரிடம் ஒரு வார்த்தை வருத்தமும் தெரிவிக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்கப் போனார்.

சாவுச் செய்தி கேட்ட அன்று மாலை ஓசூரில் அவர் வீட்டு வாசலில் கூட்டம் அதிகமில்லை. தூக்க ஆள் குறைந்தபோது நசீர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாடையின் ஒரு முனைக்குத் தோள் கொடுத்தான். நான் தெருவின் மறுபக்கமே நின்றேன்.

போய்ச் சேருங்கள், சார். உங்களைச் சுமக்க அவன் வந்தான். நான் வரவில்லை.